அடுத்த நூல் எது?

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கி, கொச்சி மன்னரின் பழைய அரண்மனையைச் சுற்றிக்கொண்டு யூதத் தெருவினுள் நுழைவோரை முதலில் வரவேற்பது சுக்கும் மிளகும் கலந்த மணமே. பண்டகசாலைகள் பல பழம்பொருட் கடைகளாக மாறிவிட்டன; எனினும் அந்த மணம் சுவர்களை விட்டு முற்றும் அகலவில்லை. அரண்மனை 1555-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொடுத்தது. பின்னர் டச்சுக்காரர் அதைப் பழுது பார்த்தனர். கட்டியவனை மறந்து, செப்பனிட்டவன் பெயரால் ‘டச்சு அரண்மனை’ என்றே உலகம் அதை அழைக்கிறது. அதை அடுத்து நிற்கும் யூத ஜெபாலயம் 1568-இல் எழுந்தது. ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை அளித்து வெட்டுவித்த செப்பேடுகள் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. எழுத்து வட்டெழுத்து. யாரேனும் உரக்கப் படித்துக் காட்டினால், தமிழ்ச் செவிக்குப் பாதி விளங்கும். மீதியைப் பக்கத்தில் நிற்கும் மலையாள நண்பர் விளக்குவார்.

பிழைப்பின் பொருட்டுத் தாய்நாட்டை விட்டுக் கொச்சிக்கு வந்து சேர்ந்த நம்மவர் பலர். வெளிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் குடும்பங்கள் உண்டு. வாணிகத்துக்கு வந்தோர் உண்டு. நம்மைப் போல் அரசாங்க அலுவலகங்களில் ஒரு மொழியை மற்றொரு மொழியாக்கிக் கொண்டிருப்போரும் உண்டு. இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ அறியோம்: தமிழில் அச்சான நூல்களின் வரிசையில் மிகப் பழையன இரண்டு, இந்தக் கொச்சி நகரிலேயே அச்சேறின. அவை எப்படி எழுந்தன என்பதை ஆராயப் புகுந்தபோது, எழுத்தாளர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் ஒரு கேள்வி நம் முன் வந்து நின்றது. ஒரு நூலை வெளியிட்டு முடித்தவன் அடுத்து எதை எழுதுவது? முதல் நூலின் ஈரம் காயுமுன்பே நண்பர்கள் கேட்கத் தொடங்கும் கேள்வி இது. நாவலாசிரியரை இது மற்றவரிலும் அதிகமாக வாட்டும். ஆயினும் நாவல் என்ற சொல்லே தமிழுக்கு வராத காலத்தில் இதைச் சந்தித்த ஒருவரிடமிருந்து தொடங்குவோம்.

அவர் பெயர் அன்றீக்கு அன்றீக்கஸ். போர்ச்சுகல் நாட்டில் விலா விசோசா என்ற ஊரில் 1520-இல் பிறந்தவர். மூதாதையர் யூதர், கட்டாயத்தினால் கிறிஸ்தவத்துக்கு மாறிய மரபினர். பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்த இவரை, அந்த மரபைக் காரணம் காட்டியே வெளியேற்றிவிட்டார்கள். பிறகு சேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546-இல் கோவா வந்தார். மறு ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். ஐபீரிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களிற் சிலர் கொச்சியில் வந்து ஜெபாலயம் எழுப்பிக் கொண்டிருந்த அதே தலைமுறையில், அந்த இனத்தின் வழிவந்த இந்தப் பாதிரியார் புன்னைக்காயல் மணலில் உட்கார்ந்து பரதவரிடம் தமிழ் கற்றார். சரித்திரம் சில சமயம் இவ்வாறு இருவரை அருகருகே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒருவரை ஒருவர் அறியாமலே அனுப்பிவிடுகிறது.

அன்றீக்கஸ் மேற்போக்காகக் கற்றவரல்லர். வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நூலகத்தில் இன்றும் உள்ளது. தமிழ்ப் புலவர் மரபில் வந்த இலக்கணம் அன்று அது. காதால் கேட்டதைக் கையால் எழுதிப் பிடித்த இலக்கணம். பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழ் எவ்வாறு இருந்தது என்று அறிய விரும்புவோர்க்கு அதனினும் நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

ஆனால் அவருடைய தமிழ் நூல் ஒன்று அச்சேறுவதற்கு அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. கோவாவில் 1577-இல் தமிழ் எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. அவை மனநிறைவைத் தரவில்லை போலும், மறு ஆண்டு கொல்லத்தில் ஜோவான் தெ பாரியா பாதிரியார் வேறொரு வரிசை வார்த்தார். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அதுவே. கடைசிப் பக்கத்தில், கோவாவில் செய்த எழுத்தும் கொல்லத்தில் செய்த எழுத்தும் மாதிரிக்காக ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டுள்ளன. புதிதாகக் கடை திறந்தவன் தன் சரக்கின் இருவகையையும் வாயிலிலேயே பரப்பி வைப்பது போன்ற பெருமிதம் அதில் தெரிகிறது. சுவடி வழக்கத்தையொட்டி மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. இன்று அதைப் படிக்க முயல்வோர் முதற் பக்கத்திலேயே தடுமாறுவர்.

ஆசிரியருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. நூல் சவேரியார் காலத்திலிருந்து வழங்கிவந்த ஜெபங்களின் தமிழாக்கம்; ஓதி மனனம் செய்வதற்குரியது. அச்சுக்கூடம் கிடைத்துவிட்டது, எழுத்துக்கள் கைவசம் உள்ளன, முத்துக்குளித்துறை மக்கள் அச்சுக்கான செலவுக்குப் பொருளும் தந்திருக்கிறார்கள். அடுத்து எதை அச்சிடுவது?

அந்தக் கேள்விக்கு அவர் தந்த விடையைத்தான் கொச்சி அச்சிட்டது. 1579-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், கொச்சிக் கோட்டையிலிருந்த சேசு சபையாரின் தேவமாதா கல்லூரியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ அச்சாகி முடிந்தது. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் போர்ச்சுகீசிய மொழியில் இயற்றிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம் இது. முதல் நூலைப் போலன்றி நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அளவைவிட அமைப்பே நம் கருத்தைக் கவர்கிறது. முதல் நூல் ‘இதைச் சொல்’ என்றது. இரண்டாம் நூலில் ஆசிரியன் வினவ மாணாக்கன் விடை கூறுகிறான். ஓதுவது போதாது, ஏன் ஓதுகிறோம் என்பதும் தெரியவேண்டும் என்று அன்றீக்கஸ் எண்ணியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு, 1580-இல், அதே கொச்சியில் பாவ சங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் நூல் ஒன்று வந்தது. பிறர் கேட்கும் வினாவுக்கு விடை சொல்லப் பழகியவனை, தன்னைத் தானே வினவிக்கொள்ளும்படி இந்த நூல் செய்கிறது.

இவற்றுக்குப் பின் ஆறு ஆண்டுகள் கழித்து, 1586-இல் வந்த நூல்தான் நாம் சொல்ல வந்த கருத்துக்கு மிகவும் நெருங்கியது. ‘பிளோஸ் சாங்க்தோரும்’ என்று ஐரோப்பாவில் வழங்கிய புனிதர் சரிதங்களின் தமிழ் வடிவம் அது. ‘அடியார் வரலாறு’ என இப்போது அறியப்படுகிறது. அறுநூறு பக்கங்களைக் கடந்த பெருநூல். ஆண்டு முழுவதும் வரும் திருநாட்களின் வரிசையில், அந்தந்த நாளுக்குரிய அடியார்களின் கதைகள். ஆம், கதைகள். அரசனும் கொலைஞனும், கப்பலும் புயலும், தந்தையை எதிர்த்து நின்ற மகளும், செல்வத்தை வாரி வழங்கிவிட்டுத் தெருவில் நின்ற இளைஞனும் அதில் வருகிறார்கள். இவை யாவும் செய்யுளில் அல்ல, பேச்சுக்கு அருகிலுள்ள உரைநடையில். ஜெபம், வினா-விடை, தன் சோதனை, கடைசியில் கதை. இந்த வரிசை திட்டமிட்டு அமைந்ததென்று நாம் சாதிக்க வரவில்லை. மேலிடத்துக் கட்டளையும் அச்சு வசதியும் இதில் பங்கு கொண்டிருக்கும். ஆனால் நாற்பது ஆண்டு ஒரே மக்களிடையே வாழ்ந்தவர், அவர்களுக்கு இறுதியாகத் தர விரும்பியது கதையே என்பது கருதத்தக்கது. தமிழ் உரைநடையில் நெடிய கதை சொல்லும் முயற்சிகளின் தொடக்கத்தை ஆராய்வோர் இந்த நூலைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். அது சரியன்று என்பது நம் கருத்து.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு பொறாமையும் உண்டு. நம் மேசைக்கு அடுத்த கோப்பு தானே வந்து சேர்கிறது. எதை மொழிபெயர்ப்பது என்று நம்மை யாரும் கேட்பதில்லை. அன்றீக்கஸும் மொழிபெயர்ப்பாளரே. ஆயினும் தன் வாசகர் யார், அவர்களுக்கு இப்போது வேண்டுவது யாது என்று அவர் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. கொச்சியில் அச்சான அந்த நூல்களின் வாசகர்கள் கொச்சியில் இல்லை. மலைக்கு அப்பால், குமரி முனையையும் சுற்றிச் சென்றால் வரும் கீழைக் கடற்கரையில் இருந்தனர். எழுத்து ஓரிடம், படிப்போர் ஓரிடம் என்ற நிலை இன்று வெளிமாநிலத்தில் தமிழ் எழுதும் நம்மவர்க்குப் புதிதன்று.

அன்றீக்கஸ் 1600-இல் காலமானார். 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கரின் கல்லூரியும் அங்கு நிலைக்கவில்லை. நூல்கள் சிதறிப்போயின. அவர் எழுதியதில் பெரும்பகுதி எங்கே கிடக்கிறதென்றே நெடுங்காலம் தமிழர்க்குத் தெரியாது. தனிநாயக அடிகள் 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடி, வத்திக்கானில் அடியார் வரலாற்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர் இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கொச்சி நூலை 1963-இலும், அடியார் வரலாற்றை 1967-இலும் மறுபதிப்பாகக் கொணர்ந்தார். தம்பிரான் வணக்கத்தின் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இனி நாவலாசிரியர்களிடம் வருவோம். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை நேயர்கள் நன்கு அறிவர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அதாவது கொச்சி நூலுக்குச் சரியாக முந்நூறு ஆண்டுகளுக்குப் பின். அடுத்த நாவலான ‘சுகுணசுந்தரி’ 1887-இல். இடையே எட்டு ஆண்டு. முதலில் வந்ததன் விளையாட்டுத்தனம் இரண்டாவதில் குன்றிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆனால் அவர் நாவலுக்கு வருமுன், சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்களைத் தமிழில் திரட்டி 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டவர் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். வழக்குகளின் மொழிபெயர்ப்பு ஒருவரைக் கதைக்கு இட்டுச் சென்றது.

கேரளத்திலும் ஒரு முன்சீப்பே முன்வந்தார். ஓ. சந்துமேனோன் 1847-இல் பிறந்தவர். மலபார் மாவட்ட நீதித்துறையில் படிப்படியாக உயர்ந்தவர். ஆங்கில நாவல்களில் அவருக்கு ஆவல் மிகுந்தது. வீட்டாருக்கு அந்தக் கதைகளை மலையாளத்தில் வாய்மொழியாகச் சொல்லி வந்தார். டிஸ்ரேலி எழுதிய ‘ஹென்ரியெட்டா டெம்பிள்’ நாவலை மொழிபெயர்க்கத் தொடங்கினார். மொழிபெயர்ப்பில் உயிர் நிற்கவில்லை என்று கண்டு அதைக் கைவிட்டு, மலையாளத்து வாழ்க்கையை வைத்துத் தாமே ஒன்று எழுதுவது எளிது என்று துணிந்தார். பரப்பனங்காடியில் 1889 ஜூன் 11-ஆம் நாள் தொடங்கிய ‘இந்துலேகா’ ஆகஸ்டு 17-ஆம் நாள் முடிந்துவிட்டது. இரண்டே மாதம்! அந்த ஆண்டு இறுதியில் அச்சாகி வெளிவந்த நூல் சில மாதங்களுக்குள் விற்றுத் தீர்ந்தது. மறு ஆண்டே டூமர்க் என்ற ஆங்கில அதிகாரி அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆங்கில நாவலை மொழிபெயர்க்க முடியாமல் தவித்தவரின் நாவலையே ஓர் ஆங்கிலேயர் மொழிபெயர்க்க நேர்ந்தது.

இத்தகைய வெற்றிக்குப் பின் அடுத்து என்ன? படித்த நங்கை, அன்புக்குரிய இளைஞன், கேலிக்குரிய நம்பூதிரி என்று அதே அச்சில் இன்னொன்று வார்த்திருந்தால், அதுவும் விற்றிருக்கும். சந்துமேனோன் அவ்வாறு செய்யவில்லை. இடையில் ஒன்று நிகழ்ந்தது. மலபாரின் மருமக்கள் வழிக் குடும்பங்களில் நடக்கும் சம்பந்தத்தைச் சட்டப்படியான விவாகமாக்கலாமா என்று ஆராய 1891-இல் அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. தலைவர் நம்மவரான நீதிபதி டி. முத்துசாமி ஐயர், சந்துமேனோன் ஓர் உறுப்பினர். பெரும்பான்மையோர் கருத்தை அவர் ஏற்கவில்லை. சம்பந்தம் என்பது ஏற்கெனவே விவாகமே. அதைச் சட்டம் வந்து விவாகமாக்க வேண்டியதில்லை என்று வாதிட்டுத் தனிக் குறிப்பு எழுதினார். இந்துலேகாவின் ஆசிரியர் சீர்திருத்தச் சட்டத்தை ஆதரிப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் திகைத்திருப்பர். அவர் நாவலில் காட்டியதற்கும் குழுவில் சொன்னதற்கும் முரண் உண்டா? நமக்கு இல்லையென்றே தோன்றுகிறது. தானே தேர்ந்த கணவனிடம் உறுதியாக நின்ற ஒரு மலையாளப் பெண்ணைப் படைத்தவர், ‘எங்கள் பெண்களுக்கு விவாகமே இல்லை’ என்று எழுதிய ஒரு சட்டத்தில் எப்படிக் கையொப்பமிடுவார்?

1892-இல் ‘சாரதா’ முதற் பாகம் வெளிவந்தது. இதில் காதலின் இடத்தை வழக்கு பிடித்துக்கொண்டது. பெரிய தறவாட்டில் பிறந்த ஒரு பெண் ஊரை விட்டு அகன்றவள். அவள் மகள் சாரதா. அந்தச் சிறுமி தம் வீட்டுக் குழந்தைதானா, அவளுக்கு அங்கே உரிமை உண்டா என்பதில் எழுகிறது பூசல். வக்கீல்களும், அவர்களுக்குக் கட்சிக்காரரைப் பிடித்துக் கொடுப்போரும், காரியஸ்தர்களும், கடிதத்தைத் திரித்துப் பொருள் கொள்வோரும் வரிசையாக வருகின்றனர். நீதிபதியின் ஆசனத்திலிருந்து பல்லாண்டு பார்த்த முகங்கள் அவை என்பதில் ஐயமில்லை. நம் நாட்டிலிருந்து சென்ற பிராமணர்களைக் கேரளத்தில் பட்டர் என்பர்; வைத்திப் பட்டர் என்ற ஒருவரும் இந்த நாவலில் நடமாடுகிறார். அவரைப் பற்றி ஆசிரியர் நல்லெண்ணத்துடன் எழுதியிருக்கிறார் என்று சொல்வதற்கில்லை. வெளியூரில் பிழைக்கும் நம்மவர் தம்மைப் பிறர் எவ்வாறு நோக்கினர் என்று அறிய, அதையும் மனத்தில் சூடேறாமல் படிப்பது நலம்.

இந்துலேகாவைப் போல சாரதா வாசகரைக் கவர்ந்ததில்லை; ஆனால் எழுத்துக் கலையில் சாரதாவே முதிர்ந்தது என்பார் பலர், நாமும் அக்கட்சியே. எளிய வெற்றியை மீண்டும் நாடாமல், தாம் நன்கறிந்த கடினமான பொருளைத் தேடிச் சென்றது பெரிய துணிவு. ஆனால் அந்தத் துணிவுக்குக் காலம் ஒத்துழைக்கவில்லை. முதற் பாகத்துக்குப் பின் வரவேண்டிய பாகங்கள் வரவே இல்லை. உத்தியோகம் பெருகியது, உடல் தளர்ந்தது. 1899 செப்டம்பர் மாதம் அவர் காலமானபோது, சாரதாவின் உரிமை என்னவாயிற்று என்று சொல்ல வேறொருவரும் இல்லை. பிறர் சிலர் அதை முடித்துவைக்க முற்பட்டனர். வழக்கறிந்தவர் எழுதாத தீர்ப்பை வாசகர் ஏற்கவில்லை.

சந்துமேனோனுக்கு நேரம் இல்லை. அவர் காலத்திலேயே வாழ்ந்த நம் ராஜமையருக்கு விருப்பமே மாறிவிட்டது. வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்த இவ்விளைஞர் ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை எழுதிய ‘கமலாம்பாள் சரித்திர’த்தை அறியாத தமிழ் வாசகர் இரார். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைப் போல் இன்னும் நாலு பேரை அவர் நமக்குத் தந்திருக்கலாகாதா என்று ஏங்காதவரும் இரார். ஆனால் அந்தக் கதையின் பிற்பகுதியிலேயே முத்துஸ்வாமி ஐயர் சிறுகுளத்து வம்புகளை விட்டு விலகி வேதாந்தத்தில் இளைப்பாறத் தொடங்கிவிடுகிறார். ஆசிரியர் போகவிருந்த வழியைப் பாத்திரம் முன்னே போய்க் காட்டிவிட்டது. 1896 ஜூலையில் சென்னையில் ‘பிரபுத்த பாரதம்’ என்ற ஆங்கில மாத இதழ் தோன்றியபோது அதன் ஆசிரியரானார். அதில் ‘வாசுதேவ சாஸ்திரி’ என்று ஒரு கதை தொடர்ந்து எழுதினார். அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் வேதாந்த விளக்கமாக. 1898 மே மாதம், இருபத்தாறு வயதில் மறைந்தார். இன்னும் பத்து ஆண்டு இருந்திருந்தால் தமிழ் நாவலுக்குத் திரும்பியிருப்பாரா? திரும்பியிருக்க மாட்டார் என்பதே நம் எண்ணம்.

அவருடன் ஒரே ஆண்டில், திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்தில் பிறந்தவர் அ. மாதவையா. ‘அடுத்து எதை?’ என்ற கேள்வியுடன் இவரைப் போல் வாழ்நாள் முழுதும் போராடியவர் தமிழில் குறைவு. ‘சாவித்திரி சரித்திரம்’ என்று 1892-இல் அதே விவேக சிந்தாமணியில் தொடங்கிய கதை பாதியில் நின்றது. பால்ய விதவையின் துயரைப் பேசிய கதை அது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, உப்பு இலாகாவில் சேர்ந்து, குதிரை மீது உப்பளங்களைச் சுற்றிவந்து, மிகுந்த நேரத்தில் எழுதினார். ‘பத்மாவதி சரித்திரம்’ முதற் பாகம் 1898, இரண்டாம் பாகம் 1899. வாசகர் வரவேற்றனர். மூன்றாம் பாகம் எப்போது?

மூன்றாம் பாகத்தை அவர் எழுதவில்லை. நின்றுபோன சாவித்திரியை எடுத்து ‘முத்துமீனாக்ஷி’யாக 1903-இல் வெளியிட்டார். அதே ஆண்டு ‘தில்லை கோவிந்தன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல். அது பின்னர் 1916-இல் லண்டனிலும் அச்சாயிற்று. தொடர்ந்து 1909-இல் ‘சத்தியானந்தன்’, 1915-இல் தஞ்சை மராட்டியர் கால வரலாற்றைப் பின்னணியாகக் கொண்ட ‘கிளாரிந்தா’, இவையும் ஆங்கிலம். ஏன் இவ்வாறு சென்றார்? சாதியையும் மதத்தையும் பற்றித் தமிழில் அச்சமின்றிப் பேசினால் பத்திரிகை நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் பேசினால் கேட்போர் உண்டு, கோபிப்போர் குறைவு. இது நம் ஊகமே. ஆயினும் சாவித்திரிக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்ப்போர் இதை மறுக்கமாட்டார். ஆனால் இந்தத் தேர்வுக்கு விலை உண்டு. தில்லை கோவிந்தனைப் படித்து நாணவேண்டிய தமிழ்க் குடும்பத் தலைவர்களில் எத்தனை பேர் அன்று ஆங்கிலம் அறிந்திருந்தனர்? லண்டன் வாசகர் படித்து வியந்தார். பெருங்குளத்து வாசகருக்கு நூல் வந்து சேரவில்லை. புன்னைக்காயலுக்காகக் கொச்சியில் அச்சிட்ட பாதிரியாரின் கணக்கு இதற்கு நேர்மாறானது.

மாதவையா இதை உணர்ந்தார் என்பதற்கு அவருடைய இறுதி ஆண்டுகளே சான்று. 1922-இல் உத்தியோகத்திலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்று, சென்னையில் சொந்த அச்சுக்கூடம் வைத்தார். ‘ஹிந்து’ பத்திரிகையில் குசிகர் என்ற பெயரால் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளைத் தாமே தமிழாக்கி ‘குசிகர் குட்டிக் கதைகள்’ என வெளியிட்டார். தம் நூலைத் தாமே மொழிபெயர்ப்பதென்பது எத்தகைய வேலை என்று செய்தவர்க்கே தெரியும். முதலில் எழுதியபோது நழுவவிட்ட ஒவ்வொரு சொல்லும் வந்து நின்று கணக்குக் கேட்கும். 1924-இல் ‘பஞ்சாமிர்தம்’ என்ற தமிழ் மாத இதழைத் தொடங்கினார். அதில்தான், கால் நூற்றாண்டு கழித்து, பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை எழுதத் துணிந்தார்.

இருபத்தாறு வயதில் படைத்த நாராயணனையும் பத்மாவதியையும் ஐம்பதைக் கடந்தவர் மறுபடி சந்திக்கிறார். இடையில் அவருக்கே பெரிய குடும்பம், பல ஊர் மாற்றம், இரு மொழியில் பல நூல்கள். முதல் நூலின் வெற்றிச் சூட்டிலேயே மூன்றாம் பாகத்தை முடித்திருக்கலாமே என்று வாசகர் குறை கூறுவது எளிது. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியதுண்டு. ஆனால் அவர் எழுதியிருக்கக்கூடிய அந்த 1900-ஆம் ஆண்டுப் பாகம் இளைஞன் எழுதிய பாகமாக இருந்திருக்கும். 1924-இல் தொடங்கியது வேறொரு மனிதன் எழுதியது.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவை கூடியது. பி.ஏ. வகுப்புக்குத் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று மாதவையா எழுந்து பேசினார். பேசி முடித்து ஆசனத்தில் அமர்ந்தவர் அங்கேயே உயிர் துறந்தார். பத்மாவதி சரித்திரம் மூன்றாம் பாகம் அதுவரை பஞ்சாமிர்தத்தில் வந்த இடத்தோடு நின்றது.